சைம்ஸ் ஆய்வு: சீன மூலிகை மருந்து பக்கவாதத்துக்குப் பின் மூளையைக் காத்ததா?

பக்கவாதம் தாக்கிய நோயாளிக்குச் சீன மரபு மருந்தைக் கொடுத்தால் மூளைக்கு நன்மை உண்டா என்ற கேள்வியை, ஒரு புதிய மாத்திரையைச் சோதிக்கும் அதே கண்டிப்போடு சோதித்துப் பார்த்த பெரிய முயற்சிகளில் ஒன்று சிங்கப்பூரை மையமாகக் கொண்டு நடந்தது. சைம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வில் சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா, ஹாங்காங், இலங்கை ஆகிய இடங்களின் மருத்துவமனைகளில் 1,100 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் சென் தலைமையில் நடந்த இவ்வாய்வின் முடிவுகள் 2013ஆம் ஆண்டு அமெரிக்க இதயக் கழகத்தின் 'ஸ்ட்ரோக்' இதழில் வெளியாயின. மருந்து எடுத்தவர்களுக்கும் போலி மருந்து எடுத்தவர்களுக்கும் இடையே மூன்றாம் மாதத்தில் ஏற்கத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்பதே அதன் முதன்மை முடிவு.

அந்த ஒரு வரியோடு இதை மூடிவிடுவது எளிது. ஆனால் ஆய்வின் எண்களை ஆய்வுக்கூடச் சோதனைகளோடும், இம்மருந்துக்கு மூலமாயிருந்த பழைய சீனச் செய்முறையோடும் சேர்த்துப் படிக்கும்போது வேறொன்று புலப்படுகிறது. மூளையணுக்களைச் சாவிலிருந்து காப்பது ஒரு வேலை. செத்த பகுதிக்கு ஈடாக எஞ்சிய மூளையை மீண்டும் வேலைக்குப் பழக்குவது இன்னொரு வேலை. இம்மருந்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதல் வேலையைச் சொல்லியே அதைப் பரிந்துரைக்கிறார்கள். மனிதர்களிடம் கிடைத்த சான்றோ, சிறிதளவே ஆயினும், இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மருந்தின் மூலம்

சோதிக்கப்பட்ட மருந்தின் ஆய்வுக் குறியீடு எம்எல்சி601; வணிகப் பெயர் நியூரோஎய்ட். சீனாவில் 'தான்ச்சி பியன்தான் ஜியாவ்நாங்' என்ற பெயரில் 2001இல் பதிவுபெற்ற இந்தக் கூட்டு மருந்தைச் சிங்கப்பூரில் 2003இல் தொடங்கப்பட்ட மோலியாக் நிறுவனம் வெளிநாடுகளுக்குக் கொண்டுசென்றது. அதில் ஒன்பது மூலிகைப் பொருள்களும் விலங்கு வழி வந்த ஐந்து பொருள்களும் உண்டு. சீனர்கள் ஹுவாங் சீ என்று வழங்கும் அஸ்ட்ராகலஸ் வேர், தான்ஷென் எனப்படும் செந்நிற வேர், சிவப்புப் பியோனி வேர், சுவான்ஷியோங் கிழங்கு, தாங்குய் வேர், குசும்பாப் பூ, பீச் பழக் கொட்டையின் பருப்பு, பாலிகாலா வேர், நம் வசம்புக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் கிழங்கு ஆகியவை மூலிகைகள். விலங்குப் பொருள்களில் அட்டை, தேள், மண்ணில் வாழும் ஒருவகைக் கரப்பான், சைகா மானின் கொம்பு, செயற்கையாகத் தயாரித்த கோரோசனை ஆகியவை அடங்கும். கோரோசனையைக் குழந்தை மருந்தாக அறிந்த தமிழ் வாசகருக்கு இப்பட்டியல் முழுவதும் அந்நியமாகத் தோன்றாது. பின்னர் விலங்குப் பொருள்களை நீக்கி, ஒன்பது மூலிகைகளை மட்டும் வைத்து எம்எல்சி901 என்ற வடிவமும் வந்தது. சைகா மான் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட விலங்கு என்பதால் அந்த மாற்றம் வரவேற்கத்தக்கது.

இந்த ஒன்பதில் ஆறு பொருள்கள் 'பூயாங் ஹுவான்வூ' என்ற பழைய கஷாயத்தில் அப்படியே இருக்கின்றன. அதை எழுதிவைத்தவர் வாங் சிங்ரென் (1768–1831). 1797இல் லுவான்ஜோ பகுதியில் கொள்ளைநோய் பரவியபோது சரியாகப் புதைக்கப்படாமல் கிடந்த குழந்தைகளின் உடல்களை நேரில் பார்த்து, உள்ளுறுப்புகளைப் பற்றி அதுவரை ஏடுகளில் வழங்கிவந்த விவரங்கள் தவறு என்று துணிந்து எழுதிய மருத்துவர் அவர். உடல் முழுவதும் ஓடும் உயிராற்றலில் பாதி குறைந்துபோனால் ஒரு பக்கம் செயலிழக்கும் என்று அவர் கருதினார். ஆகவே அவருடைய கஷாயத்தில் ஆற்றலைக் கூட்டுவதாகக் கருதப்பட்ட ஹுவாங் சீ வேர் நான்கு லியாங், அதாவது இன்றைய கணக்கில் 120 கிராம் அளவுக்கு இடம்பெற்றது. குருதியை ஓடச் செய்வதாகக் கருதப்பட்ட ஏனைய பொருள்கள் ஒவ்வொன்றும் அதில் மிகச் சிறு பங்கே.

வாங் சிங்ரென் அக்கஷாயத்தை யாருக்காக எழுதினார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கையும் காலும் ஒரு பக்கம் விழுந்துபோய், வாய் கோணி, பேச்சுக் குழறி, படுக்கையில் கிடக்கும் நோயாளிக்காக எழுதினார். தாக்குதல் நிகழ்ந்த அந்த மணிநேரத்துக்கு அது எழுதப்படவில்லை. நினைவிழந்து கிடப்பவருக்குச் சீன மரபில் வேறு மருந்துகள் இருந்தன. 'அங்கோங் நியூஹுவாங் வான்' உருண்டை அவற்றுள் புகழ்பெற்றது. அதாவது மூல மரபே இம்மூலிகைக் கூட்டை மீட்சிக்கால மருந்தாகத்தான் வைத்திருந்தது.

எலியின் மூளையில் மூன்று மணிநேரம்

மூளையைக் காக்கும் மருந்து என்ற எண்ணம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. உடல் எடையில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. சேமிப்பு என்று அதனிடம் ஏதும் இல்லை. இரத்தக் குழாய் அடைபட்டதும் அடைப்பின் நடுவிலுள்ள அணுக்கள் நிமிடங்களில் மடிகின்றன. அதைச் சுற்றியுள்ள விளிம்புப் பகுதிக்குப் பக்கத்துக் குழாய்கள் வழியே சொட்டுச் சொட்டாக இரத்தம் வந்துகொண்டிருப்பதால், அங்குள்ள அணுக்கள் வேலையை நிறுத்திவிட்டாலும் உயிரோடு இருக்கின்றன. சக்தி தீர்ந்த அணுக்களிலிருந்து குளுட்டமேட் அளவுக்கு மீறிக் கசிய, அது பக்கத்து அணுக்களைத் தூண்டி அவற்றுக்குள் கால்சியத்தைப் பாயவிட, அந்தக் கால்சியம் புரதங்களைச் சிதைக்கும் நொதிகளை எழுப்பிவிட, சாவு விளிம்பை நோக்கிப் பரவுகிறது. சிகிச்சை பெறாத பெரிய அடைப்பில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக 2006இல் வெளியான புகழ்பெற்ற கணக்கு ஒன்று சொல்கிறது. இந்த விளிம்பைக் காப்பாற்றுவதுதான் மூளைக் காப்பு எனப்படுவது.

பிரான்சில் காத்ரின் ஊர்த்தோ, மிஷேல் லஸ்தூன்ஸ்கி ஆகியோரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், மூளைக் குழாய் அடைக்கப்பட்ட எலிகளுக்கு எம்எல்சி601, எம்எல்சி901 ஆகியவற்றை முன்கூட்டியோ அடைப்புக்குப் பின் மூன்று மணிநேரத்துக்குள்ளோ கொடுத்தபோது, பிழைத்த எலிகள் கூடின, சேதமும் குறைந்தது. கிண்ணத்தில் வளர்த்த நரம்பணுக்கள் குளுட்டமேட்டின் தாக்குதலைத் தாங்கின. அணுவின் சக்தி குறையும்போது திறந்து அதன் மின்கிளர்ச்சியைத் தணிக்கும் பொட்டாசியம் வாயில்களை இம்மருந்து திறக்கிறது என்பதை அக்குழுவினர் பின்னர் காட்டினர். மேலே சொன்ன சங்கிலியை இடையில் அறுப்பதற்கு அது பொருத்தமான வழிதான். அதே ஆய்வுகளில் இன்னொரு விளைவும் பதிவாயிற்று. புதிய நரம்பணுக்கள் பிறப்பதும், அணுக்களின் கிளைகள் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதும் கூடின. நரம்பணு வளர்ச்சிக்குத் தேவையான புரதமும் உயர்ந்தது. இது காப்பு அன்று, மறுகட்டுமானம். இவ்விரண்டு விளைவுகளும் ஒரே தலைப்பின்கீழ் பேசப்பட்டதில்தான் பிந்தைய குழப்பம் தொடங்கியது என்று நான் கருதுகிறேன்.

எலிகளில் வென்ற காப்பு மருந்துகள் மனிதரில் தோற்ற வரலாறு நீண்டது. என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து முதல் பெரிய ஆய்வில் நம்பிக்கை தந்து, 2007இல் வெளியான இரண்டாவது, இன்னும் பெரிய ஆய்வில் முற்றிலும் தோற்றது. மூலிகை மருந்துக்கு இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை.

சைம்ஸ் எப்படி நடத்தப்பட்டது

சைம்ஸுக்கு முன்னரே சீனாவில் 605 நோயாளிகளைக் கொண்ட இரு ஆய்வுகளின் தரவுகள் 2009இல் வெளியாகி, மருந்துக் குழுவினர் கூடுதலாகத் தேறியதாகக் காட்டின. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டது போலி மருந்தோடு அன்று, 'புச்சாங் நாவ்சின்தோங்' என்ற இன்னொரு சீனக் கூட்டு மருந்தோடு. ஒப்பிட்ட மருந்து நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்பதே உறுதியாகாதபோது, அதைவிட மேல் என்ற முடிவிலிருந்து அதிகம் பெற முடியாது. அந்தக் குறையை நீக்கவே சைம்ஸ் போலி மருந்தை வைத்தது.

பாதிப்பு கூடக்கூடப் புள்ளியும் கூடும், நாற்பத்திரண்டு புள்ளிகள் கொண்ட அமெரிக்கத் தேசியப் பக்கவாத அளவுகோலில் 6 முதல் 14 வரை பெற்றவர்கள், அதாவது கைகால் தெளிவாகப் பலவீனமடைந்தும் நிலைமை கைமீறிப் போகாதவர்கள், சேர்க்கப்பட்டனர். தானே தேறிவிடும் இலேசான நோயாளிகளையும் எம்மருந்தாலும் தேற்ற முடியாதவர்களையும் விட்டுவிட்டு, மருந்தின் பயன் தெரியக்கூடிய நடுப்பகுதியை எடுத்தது நல்ல முடிவு. தாக்குதலுக்குப் பின் 72 மணிநேரத்துக்குள் முதல் வேளை தொடங்கப்பட்டது. நோயாளி ஒரு வேளைக்கு நான்கு குளிகை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் விழுங்க வேண்டும், நாளொன்றுக்குப் பன்னிரண்டு. பக்கவாதத்தில் விழுங்கும் திறனே பலருக்குக் கெட்டுப்போகும் என்பதை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று புரியும். யார் எதை விழுங்குகிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. வழக்கமான சிகிச்சை எவருக்கும் நிறுத்தப்படவில்லை.

அளவீட்டுக்கு மாற்றியமைத்த ரேங்கின் அளவுகோல் பயன்பட்டது. அறிகுறியே இல்லை என்பதற்கு 0, இறப்புக்கு 6. இடையில் உள்ள படிகள், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறதா, பிறர் துணையின்றி நடக்க முடிகிறதா என்று கேட்பவை. மூன்றாம் மாதத்தில் மருந்துக் குழுவினர் இப்படிகளில் ஒட்டுமொத்தமாக நல்ல நிலையை நோக்கி நகர்ந்தார்களா என்பதே முதன்மைக் கேள்வி. கிடைத்த வாய்ப்பு விகிதம் 1.09, அதன் 95 விழுக்காடு நம்பக இடைவெளி 0.86 முதல் 1.32 வரை. விகிதம் 1 என்றால் இரு குழுக்களும் சமம் என்று பொருள். இடைவெளி அந்த 1-க்கு இருபுறமும் விரிவதால், வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். பாதகமான விளைவுகள் இரு குழுக்களிலும் பெரிதும் வேறுபடவில்லை.

நாற்பத்தெட்டு மணிநேரக் குறிப்பு

கட்டுரையின் உட்பகுதியில் ஒரு குறிப்பு இருக்கிறது. பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். நோயாளிகளை மருந்து தொடங்கிய நேரத்தின்படி பிரித்துப் பார்த்தபோது, 48 மணிநேரத்துக்குப் பிறகு தொடங்கியவர்களிடம்தான் மருந்துக்குச் சாதகமான சாய்வு தெரிந்தது. அது உறுதிப்பட்ட வேறுபாடு அன்று, சாய்வு மட்டுமே. இதை மறக்காமல் மேலே செல்ல வேண்டும்.

மருந்து விளிம்புப் பகுதியின் அணுக்களைச் சாவிலிருந்து காக்கிறது என்றால், அதை முந்தி எடுத்தவருக்கே மிகுந்த பயன் கிடைத்திருக்க வேண்டும். குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியிலும், கம்பி வழியே கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையிலும் நாம் காண்பது அதைத்தான். ஒவ்வொரு மணிநேரம் தாமதிக்கும்போதும் பயன் குறைகிறது. இங்கே சாய்வு எதிர்த்திசையில் இருக்கிறது. எலியில் மூன்று மணிநேரத்துக்குள் கொடுத்துக் கண்ட காப்பு விளைவை, மனிதனுக்கு மூன்று நாள் வரை தாமதித்துக் கொடுத்துத் தேடியது சைம்ஸ். இரண்டு நாள் கழிந்த மூளையில் காப்பாற்றுவதற்கு மிகச் சிறிதே எஞ்சியிருக்கும். ஆகவே மூளைக் காப்பு என்ற கருதுகோளைச் சைம்ஸ் நேராகச் சோதிக்கவே இல்லை என்றும், அது உண்மையில் சோதித்தது மீட்சியைத்தான் என்றும் சொல்வதே பொருந்தும்.

தொடர் ஆய்வு இதற்கு ஓரளவு வலுச்சேர்க்கிறது. சைம்ஸில் இருந்தவர்களுள் 880 பேரை இரண்டு ஆண்டுவரை பின்தொடர்ந்த முடிவுகள் 2015இல் வந்தன. மூன்று மாதத்தோடு மருந்து நின்றுவிட்டபோதும், ரேங்கின் அளவில் 0 அல்லது 1 என்ற நல்ல நிலையை அடைந்தோர் ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்களில் மருந்துக் குழுவில் கூடுதலாக இருந்தனர். ஆறாம் மாதத்தில் வாய்ப்பு விகிதம் 1.49. ஆனால் ஆய்வாளர்கள் முன்கூட்டியே முதன்மையாக அறிவித்திருந்த இருபத்துநான்காம் மாத அளவீட்டில் விகிதம் 1.08 மட்டுமே, அது ஏற்கத்தக்க வேறுபாடு அன்று. ஆறாம் மாத எண்ணை மட்டும் எடுத்துக்காட்டி இருபத்துநான்காம் மாத எண்ணை விட்டுவிடும் விளம்பரங்கள் வாசகரை ஏமாற்றுகின்றன. அதே நேரத்தில், மெதுவாக வளர்ந்து, மருந்து நின்ற பின்னும் சில காலம் தொடர்ந்த ஒரு விளைவு உண்மையாக இருக்குமானால், அது நரம்புக் கிளைகள் பின்னிக்கொள்ளும் மறுகட்டுமானத்தின் போக்கோடு ஒத்துப்போகும். மணிக் கணக்கில் முடிந்துவிடும் காப்பின் போக்கோடு ஒத்துப்போகாது. இரண்டு முறை முதன்மை அளவீட்டில் தவறிய மருந்துக்கு இதைவிட அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. மூன்றாவது ஆய்வு ஒன்று தேவை என்று சொல்லலாம்.

காப்புக்கான சான்று எங்கே இருக்கிறது

சீன மரபிலிருந்து வந்தவற்றில் காப்பு என்ற சொல்லுக்குத் தகுதி பெற நெருங்குபவை, கூட்டு மருந்துகள் அல்ல. பிரித்தெடுத்த ஒற்றை வேதிப்பொருள்கள். செலரி விதையிலிருந்து முதலில் பிரிக்கப்பட்ட பியூட்டைல்ஃப்தலைடு சீனாவில் 2002இல் பக்கவாத மருந்தாக ஏற்கப்பட்டது. தாக்குதலுக்குப் பின் ஆறு மணிநேரத்துக்குள் வந்து, கட்டி கரைக்கும் ஊசியோ கட்டி அகற்றும் சிகிச்சையோ பெற்ற 1,216 நோயாளிகளிடம் அது போலி மருந்தோடு ஒப்பிடப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, தொண்ணூறாம் நாளில் நல்ல நிலையை அடைந்தோர் மருந்துக் குழுவில் 56.7 விழுக்காடு, போலி மருந்துக் குழுவில் 44.0 விழுக்காடு. கற்பூரத்துக்கு வேதியியலில் நெருங்கிய போர்னியாலை எடராவோன் என்ற செயற்கை மருந்தோடு சேர்த்த கூட்டும், தனி எடராவோனைவிடச் சிறந்தது என்று 1,165 பேர் கொண்ட ஆய்வில் 2021இல் காட்டப்பட்டது. அங்கே எண்கள் 67.18, 58.97 விழுக்காடு. இந்த இரண்டு ஆய்வுகளும் சீனாவுக்குள் நடந்தவை. பிற மக்களிடமும் இவை திரும்பக் காட்டப்பட வேண்டும். ஆயினும் முதலில் சொன்ன ஆய்வு காலக் கணக்கைச் சரியாக வைத்தது என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இரத்த ஓட்டம் திறக்கப்படும் அதே வேளையில் காப்பு மருந்தும் உள்ளே போயிற்று.

மூளை இரத்தக்கசிவுக்கோ நிலைமை வேறு. 'ஜோங்ஃபெங் சிங்நாவ்' என்ற கூட்டுக் கஷாயம் சீனாவின் 26 மருத்துவமனைகளில் 1,641 நோயாளிகளிடம் 48 மணிநேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்கப்பட்டது. 2024இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவில் ரேங்கின் படிகளை மதிப்பெண்ணாக மாற்றிக் கணக்கிட்ட சராசரி இரு குழுக்களிலும் 0.44 என்று ஒன்றாகவே இருந்தது. குவாங்துங் மாநிலச் சீன மருத்துவ மருத்துவமனையின் ஆய்வாளர்களே முன்னின்று இந்த ஆய்வை நடத்தி, பயனில்லை என்ற முடிவை மறைக்காமல் வெளியிட்டது மரபு மருத்துவத்துக்குப் பெருமை சேர்க்கும் செயல்.

நோயாளியின் பக்கத்திலிருந்து

முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறிய அந்த நிமிடத்தில் எந்த மூலிகையும் வாய்க்குள் போகக் கூடாது. விழுங்கும் திறன் கெட்டிருந்தால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். அடைப்பா, கசிவா என்பது சிடி ஸ்கேன் எடுக்காமல் தெரியாது; குருதியை இளக்குவதாகக் கருதப்படும் பொருளைக் கசிவு நோயாளிக்குக் கொடுப்பது ஆபத்து. கட்டி கரைக்கும் ஊசிக்கான நாலரை மணிநேரம் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். சீனக் குடும்பங்கள் பல அவசரத்துக்கென வைத்திருக்கும் அங்கோங் நியூஹுவாங் உருண்டையின் மரபுச் செய்முறையில் பாதரசம் கொண்ட சாதிலிங்கமும் ஆர்சனிக் கொண்ட மனோசிலையும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீட்சிக் காலத்தில், மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு நியூரோஎய்ட் போன்ற ஒன்றை எடுக்க விரும்புவோரின் நிலை வேறு. அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை பற்றியது. தான்ஷென், தாங்குய் ஆகிய இரண்டும் வார்ஃபரினின் விளைவைக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியவை என்பது பதிவாகியிருக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறால் பக்கவாதம் வந்தவர்களில் பலர் அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது கேள்வி செலவு பற்றியது. ஒரு குடும்பத்தால் மாதாமாதம் ஒதுக்க முடிந்த தொகை ஒன்றுதான் என்றால், அது குளிகைக்குப் போவதைவிட இயன்முறைச் சிகிச்சையாளருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் போவதே சரி என்பது என் கருத்து. அவ்விரு பயிற்சிகளுக்குமான சான்று இந்த மருந்துக்கு இருப்பதைவிட உறுதியானது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் மூலிகை வாங்குவது எந்த நிலையிலும் கூடாது. அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பதில் அந்த மாத்திரைக்கு ஈடாக இந்த மூலிகைகளில் ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை.

அடுத்த ஆய்வு இரண்டாகப் பிரிக்கப்பட வேண்டும். காப்பு என்று உரிமை கோருவோர் முதல் ஆறு மணிநேரத்துக்குள், குழாய் திறக்கும் சிகிச்சையோடு சேர்த்து, எம்எல்சி901 போன்ற தூய மூலிகை வடிவத்தைச் சோதிக்கட்டும். விழுங்க முடியாத நோயாளிக்கு அதை எப்படிக் கொடுப்பது என்பதையும் அவர்களே தீர்க்க வேண்டியிருக்கும். மீட்சி என்று உரிமை கோருவோர் மூன்றாம் நாளிலிருந்து தொடங்கி, பயிற்சிச் சிகிச்சை இரு குழுக்களுக்கும் ஒரே அளவில் கிடைக்குமாறு செய்து, ஆறாம் மாதத்தையோ பன்னிரண்டாம் மாதத்தையோ முன்கூட்டியே முதன்மை அளவீடாக அறிவித்துவிட்டுத் தொடங்கட்டும். சைம்ஸில் பங்கேற்ற ஆறு இடங்களின் மருத்துவமனைகளுக்கும் இத்தகைய ஆய்வை நடத்தும் அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது.